நாலு இஞ்ச் சுவர்

ஒன்பது வயதில் எனக்கு வாய்ப்பாடு ஏழோடு நின்றுபோயிருந்தது. எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். ஆனால் சாலிட் பிளாக் என்கிற சிமென்டுக் கல்லின் அளவைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீளம் பதினாறு இஞ்ச், உயரம் எட்டு. இவை இரண்டும் மாறாது. கனத்தில் மட்டும் மூன்று வகை: நாலு, ஆறு, எட்டு. வெளிச்சுவருக்கு எட்டு, கொஞ்சம் கை இழுத்துப் பிடிக்கிறவர்களுக்கு ஆறு, வீட்டுக்குள் அறையைத் தடுக்க நாலு. செங்கல் என்றால் ஒன்பது, நாலேகால், மூன்று. இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அப்பா மேஸ்திரி. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவர் போனில் கத்துவதெல்லாம் இந்த எண்களைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சினிமாப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள், நான் இதைச் செய்தேன்.

தெரிந்தால் மட்டும் போதுமா? நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? ஒருநாள் அப்பாவோடு பிளாக் போடும் யார்டுக்குப் போனபோது அவருடைய டேப்பை எடுத்து ஒரு கல்லை அளந்தேன். பதினைந்தே முக்கால்தான் இருந்தது. அடுத்த கல்லும் அப்படியே. அப்பா, நம்மள ஏமாத்தறாங்கப்பா என்று யார்டே அதிரக் கத்தினேன். யார்டுக்காரர் கன்னடக்காரர், வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்ஜினியரம்மா பந்த்ரு!" என்று வேலையாட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். இன்ஜினியரம்மா வந்துவிட்டார்களாம். அப்பாவும் சிரித்துவிட்டு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கலவைக்கு இடம் வேண்டாமா, அந்தக் கால் இஞ்சையும் சேர்த்துத்தான் பதினாறு என்றார். வேறு பிள்ளையாக இருந்தால் வெட்கப்பட்டிருக்கும். என் காதில் விழுந்தது இன்ஜினியரம்மா என்பது மட்டும்தான். அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதில் என்ன குற்றம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.

வீடு எங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, கட்டியது. கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். முன்வாசல் ஒரு கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், பின்வாசல் அடுத்த கிராஸில் என்று நீளவாக்கில் கிடந்த வீடு. முன்பாதியைப் பெரியம்மாவுக்கும் பின்பாதியை அம்மாவுக்கும் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டார். நடுவில் ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். அதில் ஒரு வாசல். நிலை உண்டு, கதவும் உண்டு, சாத்தி நான் பார்த்ததில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறை, அந்தப் பக்கம் பெரியம்மாவின் கூடம். பெரியப்பா எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மா கூடத்தில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் யூனிபார்மும் தைத்தே தன் மகளை, அதாவது எங்கள் அக்காவை, படிக்கவைத்தாள். அக்கா அப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள்.

அம்மாவும் பெரியம்மாவும் நாள் பூராப் பேசுவார்கள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. இவள் அடுப்படியில், அவள் மிஷினில். மிஷின் நிற்கிற இடைவெளியில் பேச்சு, பேச்சு நிற்கிற இடைவெளியில் மிஷின். புளியும் கறிவேப்பிலையும் அந்த வாசல் வழியாக என் கையில் இங்கேயும் அங்கேயும் போய்வந்துகொண்டிருக்கும். எனக்குச் சலிப்பாக இருக்கும். இவர்கள் எழுந்து நாலு எட்டு வைத்தால் என்ன என்று நினைப்பேன்.

தாத்தா போன பதினாறாம் நாள் காரியத்தில் சண்டை வந்தது. ஆரம்பித்தது வாழை இலை பற்றாமல் போனதில். யார் எண்ணி வாங்கினது, யார் எண்ணாமல் வாங்கினது என்று பேச்சு வளர்ந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெரியம்மா அப்பாவைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் வீடு கட்டறவரு. தனக்குன்னு ஒண்ணு கட்டாம மாமனார் வீட்டுலயே உக்காந்துக்கினாரு" என்று சொல்லிவிட்டாள். அப்பா கையில் இருந்த ரசவாளியைக் கீழே வைத்தார். அம்மாவுக்கு எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். அவள் பதிலுக்குச் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். செத்துப்போன பெரியப்பாவைப் பற்றியது அது. புருஷன் இல்லாத ஒருத்தியிடம் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. பெரியம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நடுவுல வாசல்னு ஒண்ணு இருக்கிறதுனாலதானே இவ்ளோ பேச்சு. அதை அடைச்சிடுங்க" என்றாள். அடைச்சிட்டாப் போச்சு என்றாள் அம்மாவும். ரோஷத்தில் இருவரும் ஒரே அச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே அதை அடைத்தார். தன் ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை. நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். முதலில் வந்து இறங்கிய கல்லைப் பார்த்ததுமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு இஞ்ச் கல். இரண்டு வீட்டுக்கு நடுவில் நாலு இஞ்சா? கேட்டதற்கு, நிலைக்குள் நாலுதான் உட்காரும் என்றார். அப்படியென்றால் நிலையைப் பெயர்த்து எடுத்துவிட்டு ஆறோ எட்டோ வைக்கலாமே? சுவர் ஒன்பது இஞ்ச் ஆயிற்றே! அவர் கதவை மட்டும் கழற்றிப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்.

அடுத்தது கலவை. ஒரு சட்டி சிமென்டுக்கு ஆறு சட்டி மணல் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அப்பா மணலைப் போட்டுக்கொண்டே இருந்தார். பத்து வரை எண்ணிவிட்டு நான் எண்ணுவதை நிறுத்தினேன். அதைவிடக் கொடுமை, கல்லை அடுக்கிய விதம். கீழ் வரிசையில் இரண்டு கல்லின் மூட்டு எங்கே வருகிறதோ, அதன்மேல் அடுத்த வரிசைக் கல்லின் நடுப்பாகம் உட்கார வேண்டும். அப்போதுதான் சுவர் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கு ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கல்லைப் பாதியாக உடைக்க வேண்டும். அப்பா ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை. இரண்டு இரண்டாக, மூட்டுமேல் மூட்டாக, ஒன்பது வரிசை. முழுசாகப் பதினெட்டுக் கற்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அப்படி வைத்தால் அப்பா கரண்டியாலேயே போடுவார். "என்னப்பா இது, மூட்டுமேல மூட்டு வருது?" என்றேன். "வாயை மூடிக்கிட்டு உக்காரு இன்ஜினியரம்மா" என்றார். அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் இருவரும் முந்தின நாள் பூராவும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஓகோ, இரண்டு பேரும் சேர்ந்து பெரியம்மாவை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

நிலை எங்கள் பக்கம் ஒட்டி இருந்ததால் எங்கள் பக்கம் சுவர் மட்டமாக வந்துவிட்டது. பெரியம்மா பக்கத்தில் மீதி ஐந்து இஞ்ச் உள்வாங்கிப் பள்ளமாக நின்றது. இதுவும் என் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. நல்ல பக்கம் நமக்கு, பள்ளம் அவர்களுக்கு.

சண்டை பெரியவர்களுக்குத்தான். எனக்கு இரண்டு பக்கமும் போகத் தடை இல்லை. ஆனால் இப்போது பின்வாசல் வழியாக இறங்கி, எங்கள் கிராஸில் கடைசிவரை நடந்து, மாவு மில் முனையில் திரும்பி, அந்தக் கிராஸில் அவ்வளவு தூரமும் வர வேண்டும். எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருபத்தேழு வீடு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா வீடுதான் முதலில் வரும். போனால் ஒரு முறுக்கோ பொட்டுக்கடலை உருண்டையோ கிடைக்கும். அதோடு ஒரு கேள்வியும் கிடைக்கும். தைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்கம்மா ஏதாச்சும் சொன்னாளா?" என்பாள். இல்லை பெரிம்மா என்பேன். சரி சாப்பிடு என்பாள். ஒவ்வொரு நாளும் இதே கேள்வி, இதே பதில். எனக்கு முறுக்குதான் முக்கியம்.

அந்தப் பள்ளத்துக்குள் பெரியம்மா மிஷினை நுழைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் வெளிச்சம் ஜன்னல் பக்கம்தான் நன்றாக வரும். இத்தனை நாளும் மிஷின் அங்கேதான் இருந்தது. இப்போது வெளிச்சத்தை விட்டுவிட்டு இந்தச் சுவரோரம் எதற்கு வந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். இடத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று தோன்றியது.

விளைவு என்ன ஆயிற்று என்றால், மிஷின் சத்தம் நேராக எங்கள் அடுப்படிக்குள் வந்தது. நாலு இஞ்ச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கடகடவென்று. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவாள். பாவாடை ஓரம் அடிக்கிறா, சத்தம் நீளமா வருது பாரு என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். விட்டுவிட்டு வந்தால் ஜாக்கெட் கை. சத்தம் நிற்கும்வரை இவளும் நிற்பாள். ஒருநாள் கொத்துக்கடலைக் குழம்பு அடிப்பிடித்தது. இன்னொரு நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. அப்பா தட்டின் முன் உட்கார்ந்து தீய்ந்த குழம்பை வழித்துச் சாப்பிட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு இஞ்ச் போட்டிருந்தால் இந்தத் தொல்லை உண்டா? பாவம் அம்மா, இந்தச் சத்தத்தில் எப்படி வேலை செய்வாள்?

தீபாவளிக்கு முன்னால் பெரியம்மாவுக்குத் தையல் மலையாகக் குவியும். அந்தச் சமயத்தில்தான் என் யூனிபார்ம் பாவாடை குட்டையாகிவிட்டதென்று மடிப்பைப் பிரித்து நீளமாக்கித் தரச்சொல்லிப் போய் நின்றேன். பெரியம்மா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து என் இடுப்பிலிருந்து முழங்கால்வரை அளந்தாள். "இன்னிக்கு உங்க வீட்டுல கொத்துக்கடலைதானே? ஏழு விசில் வந்துச்சு" என்றாள். ஆகா, இந்தப் பக்கமும் கேட்கிறது! குற்றத்துக்கு இன்னொரு சாட்சி. இனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

பெரியம்மாவின் டேப்பை வாங்கிப் பள்ளத்தை அளந்து காட்டினேன். ஒன்பதில் நாலு போனால் ஐந்து. இது அறைக்குள் தடுப்பு வைக்கிற கல், வீட்டுக்கு வீடு வைக்கிற கல் இல்லை என்று ஆரம்பித்து, கலவை, மூட்டு, நிலை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். பெரியம்மா நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். கோபம் எதுவும் இல்லை. உங்கப்பா வேலை உங்கப்பாவுக்குத் தெரியாதா என்று சிரிக்கக்கூடச் செய்தாள். என் இன்ஜினியர் தனத்துக்கு அது பெரிய அடி. அதனால் கடைசி ஆணியை அடித்தேன்.

"நாலு இஞ்ச்ல சத்தம் வரும் பெரிம்மா. நீங்க தைக்கிறது பூரா எங்க வீட்டுல கேக்குது. அம்மாவால வேலையே செய்ய முடியல."

பெரியம்மா மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள். ஊசி பாதித் துணியில் நின்றது. இந்த முறை என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கம்மா சொன்னாளா?"

அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சொல்லவில்லை என்றால் நான் சொன்ன மற்றதெல்லாம் வெறும் சின்னப் பிள்ளைப் பேச்சாகிவிடும். பெரிய ஆள் ஒருவர் பெயர் வேண்டியிருந்தது.

"ஆமா" என்றேன். "தலை வலிக்குதுன்னு சொல்லுச்சு."

பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்தாள். அப்புறம் என் பாவாடையை மடித்து ஓரமாக வைத்தாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அன்றைக்கு முறுக்கு தர மறந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் மிஷின் சத்தம் வரவில்லை. அம்மா சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்கிற நேரம் அது. அவள் சாயவில்லை. உடம்புக்கு என்னமோ, தீபாவளி நேரத்துல மிஷினை நிறுத்த மாட்டாளே என்று அடுப்படிக்கும் பின்வாசலுக்குமாக நடந்தாள். போய்ப் பார்க்கச் சொன்னாள் என்னை. போனேன். பெரியம்மா தரையில் உட்கார்ந்து கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் இருக்காங்க என்று வந்து சொன்னேன். என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கொத்தனார் கரண்டிச் சத்தம் கேட்டது. பெரியம்மா வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் நாலு இஞ்ச் கல்தான், ஆனால் கெட்டியான கலவை, முறையாக உடைத்து வைத்த மூட்டு. இந்த நாலும் அந்த நாலும் எட்டு, இடையில் ஒரு இஞ்ச் கலவை, ஆக ஒன்பது. கணக்கு அச்சாக உட்கார்ந்துவிட்டது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இருபத்தேழு வீடு சுற்றிப் போனார். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வாசலில் நின்று, "சத்தம் வராம இருக்கட்டும்னுதான்" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் என்மேல் ஒருமுறை பட்டு நகர்ந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பா வந்து அந்த வார்த்தையை அப்படியே அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். அப்புறம், "என் சத்தம்கூட அவளுக்கு ஆகலையா?" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரிலுள்ள சுவருக்கெல்லாம் குற்றம் சொன்ன வாய்க்கு அன்றைக்குத்தான் பூட்டு. சொன்னால் அடி விழும் என்று பயம். வேறு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் அடுப்படியில் குழம்பு அடிப்பிடிக்கவில்லை. பால் பொங்கி வழியவில்லை. அம்மா மட்டும் வேலைக்கு நடுவே அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பாள். காதையும் வைத்துப் பார்ப்பாள். பூச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம், தூறலும் குளிருமான ஒரு நாள். சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய அக்கா எங்கள் பின்வாசலில் வந்து நின்று, சித்தி சித்தி என்று கதறினாள். சுற்றிக்கொண்டு ஓடிவந்ததில் செருப்புகூட இல்லை. பெரியம்மா மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. துணி ஊசியிலேயே மாட்டியிருந்தது, ஒரு ஜாக்கெட் கை, பாதி தைத்தபடி. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர். நாலாம் நாள் போய்விட்டாள்.

பிணத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அம்மா அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வி. "மிஷின் எத்தனை மணிக்கு நின்னுச்சு? யாராச்சும் கேட்டீங்களா?" யாருக்குத் தெரியும்? அன்றைக்குப் பகல் முழுக்க அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் இருந்திருக்கிறாள். மிஷின் கிடந்த இடத்துக்கும் எங்கள் அடுப்புக்கும் நடுவில் ஐந்தடிகூட இருக்காது. நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கேள்விக்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாக மட்டும் தெரிந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அக்கா கல்யாணமாகிச் சந்தாபுராவுக்குப் போனாள். முன்பாதியை வாடகைக்கு விட்டாள். ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். நான் படித்தேன், இன்ஜினியர் ஆகவில்லை, அந்த ஆசை எனக்கு அப்போதே செத்துவிட்டது. பல வருஷம் கழித்து, சமீபத்தில்தான், அக்கா குடும்பத்தோடு தன் பாதிக்கே திரும்பி வருவதாகச் சொன்னாள். சித்திக்கு முட்டி வலி, சுற்றிச் சுற்றி எத்தனை நாள் நடப்பாள், அந்த வாசலைத் திறந்துவிடலாம் என்றாள். ஆள் வைத்து உடைத்தோம். பெரியம்மா பக்கத்துக் கல் லேசில் வரவில்லை. டிரில் மிஷின் வைத்துக் குடைந்தார்கள், அரை நாள் ஆயிற்று, ஒரு கல் முழுசாக வரவில்லை. எல்லாம் சில்லு சில்லாகக் கொட்டியது. கடைசியில் எங்கள் பக்கத்துச் சுவர் மட்டும் நின்றது. வேலையாள் கடப்பாரையை வைத்து லேசாக நெம்பினான். கலவை மணலாக உதிர்ந்து, கல் அப்படியே கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. பதினெட்டும் முழுசு.

"யாரு மேஸ்திரி சார் இதைக் கட்டினது? மூட்டுமேல மூட்டு. கலவையில சிமென்டே இல்ல" என்றான் அவன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. "ஆமாப்பா" என்றார். "அது எடுக்கிறதுக்குன்னு கட்டினது. கோவம் ஆறினா அன்னிக்கே எடுத்துடணும்னா இவ. கல்லு உடையாம வைங்கன்னா."

இவ என்று அவர் காட்டியது அம்மாவை. அம்மா கல் அடுக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்க எடுக்க விட்டா? என் சத்தமே வேணாம்னுல்ல அந்தப் பக்கம் அடைச்சுட்டா" என்றாள். இத்தனை வருஷம் கழித்தும் அதே வார்த்தை.

அப்போதுதான் சொன்னேன். டேப், ஒன்பதில் நாலு போனால் ஐந்து, தலைவலி, ஆமா, எல்லாவற்றையும். அக்காதான் முதலில் பேசினாள். "ஐயோ, அதான் அந்த வாரம் பூரா நான் வேலை விட்டு வரும்போதும் அம்மா கையிலயே தைச்சுக்கிட்டு இருந்தா. ஏம்மா இப்படிக் கஷ்டப்படறேன்னு கேட்டா, தங்கச்சிக்குத் தலை வலிக்குதாம்டி, அவ தூங்கட்டும்னா. அப்புறம், கையால எத்தனை தைக்க முடியும், நானே அடைச்சிடறேன், அவளுக்கும் நிம்மதின்னா."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் பார்வை என்மேல் இல்லை, திறந்த வாசலுக்கு அந்தப் பக்கம், மிஷின் இருந்த இடத்தில் இருந்தது. "அப்போ அவ கோவத்துல கட்டலையா?" என்றாள். இல்லம்மா என்றேன். இன்னொரு முறை கேட்டாள். "கோவமே இல்லையா?" இல்லம்மா, இல்லவே இல்ல என்றேன். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அக்கா என்று அவள் அழுத அழுகையை, காரியம் நடந்த நாட்களில்கூட நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் நான் பெரியம்மா வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள், உங்கம்மா ஏதாச்சும் சொன்னாளா என்று. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். கடைசியாக ஒருநாள் ஆமா என்றேன். மூன்று மாதம் காத்திருந்து, தங்கை சொன்னதாக அவள் காதில் விழுந்த ஒரே வார்த்தை அதுதான். அவள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி என் முகத்தைப் பார்த்தபோது, சுவரைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.